ஓசையும் காரணமும்

1955ஆம் ஆண்டு சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றியது. அதன் பழைய புல்லட் வண்டிகள் பல இன்றும் ஓடுகின்றன. அத்தகைய வண்டியொன்றை இளைஞன் ஒருவன் முதிய மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு வந்தான். அது மறைந்த அவன் தந்தையின் வண்டி. நெடுநாள் ஓடாமல் நின்றது. இப்போது கியர் மாற்றுந்தோறும் அலறிற்று.

“ஐயா, கியர்கள் தேய்ந்துவிட்டன போலும். விற்றுவிடலாம் என்று எண்ணுகிறேன்” என்றான் அவன்.

முதியவர் எஞ்சினை நிறுத்தி, கிளட்சைப் பிடித்தபடி கிக்கரை மிதித்தார். தடையின்றி இறங்க வேண்டிய அது, எஞ்சினையும் சேர்த்து இழுத்தது.

“தம்பி, குறை கியரில் இல்லை. கிளட்சைப் பிடித்தால் அதன் தட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலக வேண்டும். இதில் பழைய எண்ணெய் பசைபோல் இறுகி அவற்றைப் பிணைத்திருக்கிறது. அதனால் எஞ்சினின் சுழற்சி கியர்ப்பெட்டியை விடாமல் இழுக்கிறது; பற்கள் மோதி இரைகின்றன” என்றார்.

பின்னர்த் தட்டுகளைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினார். கண்ணாடிப் பலகைமேல் வைத்து அவை வளையாதிருப்பதை அறிந்தார். அழுத்தும் தட்டு கோணாமல் எழுமாறு ஸ்பிரிங் திருகுகளைச் சமமாக முடுக்கினார். புதிய எண்ணெய் ஊற்றினார். கேபிளில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் தளர்ச்சி விட்டார்.

எஞ்சின் முழங்கியது. முதல் கியர் மெல்ல விழுந்தது. இளைஞனின் கண்கள் கலங்கின.

“இரைவது ஓரிடம், குறை வேறிடம். காரணம் அறியாமல் எதையும் கைவிடாதே” என்றார் முதியவர். விற்கும் எண்ணத்தை அவன் அன்றே விட்டான்.