வீண் என்றொரு சொல்

காவிரி நீர் வீணாகக் கடலில் கலக்கிறது என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாங்கள். மோகனூரில் ஏது கடல்? காயல், நீரிணை, வளைகுடா எல்லாம் பள்ளி வரைபடத்தில் நாங்கள் தீட்டிய நீல வண்ணம் மட்டுமே.

பின்னொரு நாள் முத்துப்பேட்டைக் காயலில் படகேறினோம். அவ்வூரார் அதை 'லகூன்' என்கிறார்கள். காவிரியின் கிளைகளான கோரையாறும் பாமணியாறும் அங்கேதான் வந்து சேர்கின்றன. அதற்கப்பால் பாக் நீரிணை. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையில் தேங்கி, எங்கள் படித்துறையைத் தொட்டு, வயல்களுக்குப் பாய்ந்தது போக எஞ்சிய நீர்.

"ஆத்துத் தண்ணி வந்தாத்தான் மீனு, சாமி" என்றார் படகோட்டி. நன்னீர் குறைந்தால் காயலில் உப்பு மிகும். அலையாத்தி மரங்களின் வளர்ச்சி குன்றும்.

ஊர் திரும்பிய பின்னும் நாளிதழில் அணையின் நீர்மட்டத்தைப் பார்க்கிறோம். வீண் என்ற சொல்தான் நாவில் எழ மறுக்கிறது.