ஒளி தள்ளுமா, டீச்சர்?



சென்ற ஆண்டு ஆறாம் ஆண்டு அறிவியல் பாடத்தில் மாணவன் ஒருவனுக்குத் தவறான விடை சொல்லிவிட்டேன். அதைத் திருத்திக்கொண்ட கதையை எழுதவே இன்று அமர்ந்திருக்கிறேன்.

அவனுடைய பாட்டி அப்பொழுது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்று வந்தார். துணைக்குப் போய் வந்த பேரன், அங்கு இருந்த பெரிய பொறிக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டான். எலக்ட்ரான்களை நுண்ணலைகளால் விரைவாக ஓடச்செய்து, உலோகத்தில் மோதவிட்டு, எக்ஸ்ரே கதிர்களை உண்டாக்குகிறார்கள் என்றேன். அதுவரை சரி. "லேசர் ஒளியால் தள்ளினால் பொறி சிறியதாகிவிடாதா, டீச்சர்?" என்றான். பாடம் முடிக்கும் அவசரம் எனக்கு. "ஒளி வெளிச்சம்தான் தரும், எதையும் தள்ளாது" என்றேன். வகுப்பு சிரித்தது. அதன்பின் ஆண்டு முடியும்வரை அவன் கை உயரவே இல்லை.

ஆண்டிறுதி விடுமுறையில் தற்செயலாகப் படித்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. ஒளி தள்ளும். ஆர்தர் ஆஷ்கின் என்ற அமெரிக்க அறிவியலர் 1970இலேயே நுண்ணிய உருண்டைகளை லேசரால் நகர்த்திக் காட்டியிருக்கிறார். 2018இல், தம் 96ஆம் வயதில், இயற்பியலுக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றார். அதைவிட வியப்பு, என் மாணவன் கேட்ட அதே கேள்வியைக் கேட்டு ஆய்வு செய்வோரும் இருந்தனர். ஜெர்மனியின் எர்லாங்கன் நகரப் பல்கலைக்கழகக் குழுவினர், சிலிக்கான் சில்லு ஒன்றில் லேசரைக்கொண்டு எலக்ட்ரான்களை முடுக்கியதை 2023 அக்டோபரில் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர்.

இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்ட அவனை, தாயாரிடம் தொலைபேசியில் பேசி, ஒரு சனிக்கிழமை வீட்டிற்கு வரவழைத்தேன். பாட்டியும் உடன் வந்தார். "தம்பி, அன்று நான் சொன்னது தவறு" என்றுதான் தொடங்கினேன். அவன் நெளிந்தான். பாட்டிதான் சிரித்தார்.

தாளில் இரண்டு வரிசைத் தூண்களை வரைந்தேன். ஒளி ஒரு மின்காந்த அலை. அதன் மின்புலம் ஒரு நொடிக்குள் கணக்கற்ற முறை திசை மாறுகிறது. ஒரு கணம் எலக்ட்ரானை முன்னே தள்ளும், மறுகணம் பின்னே இழுக்கும். வெட்டவெளியில் தள்ளியதும் இழுத்ததும் கழிந்துபோகும். ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளினால்தானே உயரும்? அந்த நேரத்தைப் பார்த்துக்கொள்பவை இந்தத் தூண்கள். எலக்ட்ரான் ஒரு தூணிலிருந்து அடுத்த தூணை அடையும்போது மீண்டும் முன்தள்ளும் கணமே வாய்க்குமாறு இடைவெளியை அளந்து வைத்திருக்கிறார்கள். வரிசைகளுக்கு நடுவிலுள்ள பாதையின் அகலம் 225 நானோமீட்டர். ஒரு முடியிழையின் பருமனை நூற்றுக்கணக்கான கூறுகளாக்கினால் அவற்றுள் ஒன்று.

"அவ்வளவு குறுகலா? சுவரில் மோதிவிடாதா?"

அந்தக் கேள்விக்காகவே அவனை அழைத்தேன் போலும்! தள்ளுவதைவிட நேராக நடத்திச் செல்வதுதான் அக்குழுவினருக்குக் கடினமாக இருந்தது. பக்கவாட்டில் ஒடுக்கினால் ஓட்டத்தின் திசையில் எலக்ட்ரான்கள் சிதறும்; அதை ஒடுக்கினால் பக்கவாட்டில் சிதறும். ஆகவே தூண்களுக்கிடையே ஆங்காங்கே சிறு இடைவெளி விட்டு, இரண்டையும் மாறிமாறிச் செய்தார்கள். அரை மில்லிமீட்டர் தொலைவில் எலக்ட்ரான்களின் ஆற்றல் 28,400 எலக்ட்ரான்வோல்ட்டிலிருந்து 40,700 ஆக உயர்ந்தது.

"பாட்டிக்கு வைத்த பொறியில் எவ்வளவு?" என்றான். அத்தகைய பொறிகளில் 6 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட் வழக்கமான அளவு என்றேன். உடனே என் கையிலிருந்த பேனாவை வாங்கிக் கணக்குப் போட்டான். அரை மில்லிமீட்டருக்கு 12,300 என்றால், 6 மில்லியனுக்கு ஏறத்தாழ 488 மடங்கு, 244 மில்லிமீட்டர். "அடிக்கோலைவிடக் குட்டை, டீச்சர்!"

கணக்கு சரி. ஆயினும் எலக்ட்ரானின் வேகம் கூடக்கூடத் தூண்களின் இடைவெளியும் கூட வேண்டும். இச்சில்லின் வழியே செல்லும் எலக்ட்ரான்களோ மிகச் சில. சிகிச்சைக்கு அவை போதா. உடலுக்குள் செலுத்தும் உள்நோக்குக் குழாயின் நுனியில் இப்படியொரு முடுக்கியைப் பொருத்துவது இன்னும் அந்த ஆய்வாளர்களின் கனவாகவே இருக்கிறது. இதையும் மறைக்காமல் சொன்னேன்.

அவன் அடிக்கோலைப் பாட்டியின் கையில் கொடுத்து, "இவ்வளவுதான் பாட்டி, அந்தப் பெரிய பொறி" என்றான். பாட்டி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவன் அதற்குள் தாளின் மறுபக்கத்தில் தூண்களை இடைவெளி கூட்டிக் கூட்டி வரையத் தொடங்கியிருந்தான்.