மூன்றாம் வரிசை

நாமக்கல்லில் வண்டி என்றால் லாரி. பாடி கட்டும் பட்டறைகளுக்கிடையே வளர்ந்தவன் பெயிண்டில் மயங்குவதில்லை. குனிந்து அடியில் பார்க்கிறான்.

குடும்பத்தில் ஏழு பேரும் போக ஒரு எஸ்யூவி பார்க்கத் தொடங்கியபோது இந்தப் பழக்கம் போதவில்லை. பார்க்க வேண்டியது மூன்றாம் வரிசை. பெரும்பாலான நடுத்தர வண்டிகளில் அங்கே தரை உயரம், இருக்கை தாழ்வு. முழங்கால் நெஞ்சை நோக்கி எழுகிறது. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் சோதனை நட்சத்திரங்கள் தருகிறது. மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் முன்புறம் மோதவிடும்போது பெரியவர் பொம்மைகள் முன்னிருக்கைகளில், குழந்தைப் பொம்மைகள் அதற்குப் பின்னால். மூன்றாம் வரிசையில் வயதானவர் யாரும் இல்லை.

விற்பனையாளர் பைபாஸில் ஓட்டிப் பார்க்கச் சொல்கிறார். நேர்ச்சாலையில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே கடைசி வரிசையில் இருப்பவருக்கே வண்டி தெரியும்.

எங்கள் வீட்டில் அது அம்மா. யாரும் சொல்லி வைத்ததல்ல. பஸ்ஸிலும் கல்யாண வேனிலும் பின்னால் போய்ப் பழகியவள். இப்போது முழங்கால் மடங்குவதில்லை. அம்மா நடு வரிசைக்கு வந்தால் பின்னால் போவது யார் என்று சாப்பிடும்போது கேட்டேன். எல்லோரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டி இன்னும் வாங்கவில்லை.