பழி பேட்டரி மேல்

வங்கியில் 34 ஆண்டுகள் பேரேட்டோடு மல்லுக்கட்டியவன் நான். சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது 27 ரூபாய் உதைக்கிறது என்று வையுங்கள். புதிதாக வேலைக்கு வந்த பையன் உடனே கேஷியரின் முகத்தைப் பார்ப்பான். பழம் தின்று கொட்டை போட்டவர் அந்த 27-ஐ ஒன்பதால் வகுத்துப் பார்ப்பார். மீதியில்லாமல் வகுபட்டால், எங்கோ 52-ஐ 25 என்று இலக்கம் புரட்டி எழுதியிருக்கக்கூடும். வகுபடவில்லை, ஆனால் இரட்டைப்படை எண் என்றால் அதில் பாதித் தொகையைத் தேடுவார். வரவில் ஏற வேண்டியது பற்றில் ஏறியிருக்கலாம். ஆள் மேல் சந்தேகப்படுவது எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான்.

எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்த நான், என் கார் விஷயத்தில் கோட்டைவிட்டேன்.

என்னுடையது 1998-ஆம் ஆண்டு மாருதி 800. 1983 டிசம்பரில் ஓட ஆரம்பித்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன குடும்பத்தைச் சேர்ந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர். குறையைத் திரையில் எழுதிக் காட்டும் கம்ப்யூட்டர் இதில் இல்லை. கண், காது, மூக்கு மூன்றையும் நம்பித்தான் வைத்தியம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் அதன் நுனியே பாதி ஜாதகத்தைச் சொல்லிவிடும். வெளிறிய பழுப்பு என்றால் சுகம். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ஆயில் உள்ளே ஏறுகிறது. செலவுக்குத் தயாராக வேண்டியதுதான். மூன்று முறை ஆர்.சி. புதுப்பித்த இந்த வண்டிக்கு, ஓய்வு பெற்ற நாளிலிருந்து சில்லறை வேலைகளை நானே பார்க்கிறேன். பிரேக்கில் மட்டும் கை வைப்பதில்லை. கணக்கில் தப்பினால் மறுநாள் திருத்தலாம். பிரேக்கில் தப்பினால் மறுநாள் என்று ஒன்று இருக்குமா, தெரியாது.

போன வருடம் ஐப்பசி மழையில் ஒரு காலை, சாவியைத் திருகினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். செல்ஃப் சுற்றவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பி தன் காரிலிருந்து கேபிள் மாட்டி ஜம்ப் கொடுத்தார். ஒரே திருகில் வண்டி எழுந்துவிட்டது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அடுத்த பேட்டரியிலிருந்து கரன்ட் வாங்கியதும் ஓடுகிறது என்றால், என் பேட்டரி செத்துவிட்டது என்றுதானே அர்த்தம்? அதை வாங்கி ஆறே மாதம் ஆகியிருந்தது.

பேட்டரியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைப் பையன் மீட்டர் வைத்தான், லோடு கொடுத்துப் பார்த்தான். “பேட்டரி நல்லாத்தான் இருக்கு சார்” என்றான். “அப்போ ஜம்ப் கொடுத்தா மட்டும் எப்படிப்பா ஓடுது?” என்று கத்தினேன். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் காது கொடுக்கவில்லை. நாலு பேர் பார்க்க, “பழைய சரக்கைத் தலையில கட்டிட்டீங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்த வேகத்தில் வேறு கடையில் புது பேட்டரி. நாலாயிரத்துச் சொச்சம் போயிற்று.

மூன்றாம் நாள் அதே ‘டக்’.

அன்றைக்குத்தான் பழைய வங்கிக்காரன் விழித்துக்கொண்டான். மல்டிமீட்டரை எடுத்தேன். பேட்டரியில் 12.6 வோல்ட், குறையில்லை. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, மனைவியைச் சாவி திருகச் சொன்னேன். பேட்டரி பலவீனம் என்றால் விளக்கு மங்க வேண்டும். ‘டக்’ என்றது, விளக்கு மங்கவே இல்லை. சரக்கு இருக்கிறது, போகிற வழியில்தான் அடைப்பு. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை பாடியிலும் வைத்துத் திருகச் சொன்னேன்: ஏறக்குறைய பூஜ்யம். மறுமுனையை இன்ஜினில் வைத்தேன்: ஐந்து வோல்ட்! அங்கே அரை வோல்ட்கூட வரக்கூடாது.

இன்ஜின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. செல்ஃப் மோட்டார் இழுக்கும் அத்தனை கரன்டும் பேட்டரிக்குத் திரும்பிவர ஒரு தடித்த எர்த் வயர்தான் பாதை. குனிந்து பார்த்தேன். வயர் இன்ஜினோடு சேரும் முனையில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. எங்கள் நாகப்பட்டினத்து உப்புக்காற்று செம்பை இப்படித்தான் தின்னும். பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றிவிட்டு, அந்த முனையை உப்புத்தாளால் செம்பு மின்னும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவினேன். மறுபடி மீட்டர் வைத்தால் 0.2 வோல்ட். சாவியைத் தொட்டதும் வண்டி எழுந்தது. செலவு, ஒரு தாள் உப்புத்தாள்.

அப்படியானால் ஜம்ப் கொடுத்தபோது மட்டும் ஓடியது ஏன்? பக்கத்து வீட்டுத் தம்பி முறையாக வேலை செய்பவர். கறுப்பு கேபிளை என் பேட்டரியில் மாட்டாமல் இன்ஜினின் இரும்பில் மாட்டியிருந்தார். அப்படித்தான் மாட்டவும் வேண்டும். என் எர்த் வயர் செய்ய வேண்டிய வேலையை அன்று அந்த கேபிள் செய்துவிட்டது. நான் கண்ணால் கண்டது பொய்யில்லை. கண்டதற்குச் சொல்லிக்கொண்ட காரணம்தான் பொய். குறையைத் தேடுகிறவனுக்கு இதைவிடப் பெரிய பள்ளம் கிடையாது. ஒன்றை மாற்றினோம், சரியாயிற்று, ஆகவே அதுதான் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். வீட்டிலும் இதே கதைதான். மருமகள் ஊருக்குப் போன வாரம் வீடு அமைதியாக இருந்தால், சண்டைக்குக் காரணம் அவள்தான் என்று முடிவு கட்டுகிறோம். அந்த வாரம் வேறு என்னவெல்லாம் மாறியிருந்தது என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

மறுநாள் அந்தக் கடைக்குப் போனேன். அன்று இருந்த நாலு பேர் இல்லை. அது எனக்குக் குறையாகவே பட்டது. நாலு பேர் முன் சொன்ன சொல்லை நாலு பேர் முன்தான் திருப்பி எடுக்க வேண்டும். “தப்பு என் மேலதான் தம்பி. எர்த் வயர்” என்றேன்.

அவன் சிரித்தான். “அன்னைக்கே அதைத்தான் சார் சொல்ல வந்தேன். வீட்டுக்குப் போய் ஹெட்லைட்டைப் போட்டுட்டு சாவியைத் திருகிப் பாருங்கன்னு.”