மச்சும் படிக்கட்டும்

‘வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்’ என்னும் பழமொழியில், கட்டிய வீட்டைப் புதுக்குவோனுக்கு இடமளிக்கப்படவில்லை. புதிதாகக் கட்டுவோன் முன்னே வெறும் மனை கிடக்கின்றது. அவன் விரும்பியவாறு கோடு கிழிக்கலாம். பழைய வீட்டிலோ ஒவ்வொரு சுவருக்கும் ஒவ்வொரு சட்டத்திற்கும் ஏற்கெனவே ஒரு வேலை உண்டு. அஃது என்ன என்று அறியாமல் அதன்மேல் கைவைத்தல் ஆகாது. நாகர்கோவிலை அடுத்துள்ள எங்கள் ஓட்டு வீட்டின் மச்சினைப் படிப்பறையாக்கக் கருதி, ஓராண்டாக அளந்தும் கணக்கிட்டும் வருகின்றேன். அதிற் கண்ட சிலவற்றை நம் கல்லூரி அன்பர்களுக்கு இங்கே சொல்ல விழைகின்றேன்.

காங்கிரீட் வீடுகளிலேயே பிறந்து வளர்ந்த மாணவர்களின் பொருட்டு ஒரு சொல். மச்சு என்பது அறையின் மேலே மரச்சட்டங்களைப் பரப்பிப் பலகை அடித்து, அதற்கும் ஓட்டுக்கும் இடையே விடப்பட்ட வெளி. தேங்காயும் விறகும், விருந்துக்கு மட்டும் வெளிவரும் அண்டாவும் உருளியும் அங்கேதான் இருக்கும். ஏணி சாய்த்து ஏறுவார்கள். இறங்கியதும் ஏணியை எடுத்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் மூன்று அறைகள், ஆறு பேர். முதுகலை படிக்கும் என் மகள், வருவோரும் போவோரும் ஓயாத முன் திண்ணையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பாள். தலைக்குமேல் ஓரறை சும்மா கிடக்கிறதே என்னும் எண்ணம் அதனால் எழுந்தது.

சும்மா கிடக்கவில்லை என்பதை முதலிற் காட்டியது வெயில். பகலெல்லாம் காய்ந்த ஓட்டின் வெப்பம் மச்சு வெளியில் தங்கிவிடுவதனாலேதான் கீழறை குளிர்ந்திருக்கின்றது. ஆட்கள் குடையாகப் பிடித்திருப்பதற்குள்ளேயே குடியேற எண்ணினால், அதற்கு மேலே மற்றொரு குடை வேண்டும். ஆகவே கழுக்கோல்களின் அடியில் பலகை அடித்து, பலகைக்கும் ஓட்டுக்கும் நடுவே காற்றோட விட்டு, அக்காற்று இறவாரத்திலே நுழைந்து முகட்டிலே வெளியேற வழி செய்தாக வேண்டும். தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையைக் கண்டவர்கள் இதனை எளிதில் உணர்வர். மார்த்தாண்டவர்மர் காலத்தில், 1750 அளவில் எழுந்த அதன் உப்பரிகை மாளிகையில் மேனிலைகள் இருட்டாயிருக்கும், ஆனால் புழுங்கா. நீண்டு தாழ்ந்த இறவாரமும் மரச்சட்டச் சாளரங்களும் வெயிலை மறித்துக் காற்றை விடுகின்றன. மின்விசிறி ஒன்றை மாட்டி எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு யோசனை சொன்ன நண்பர்கள் பலர். அவர்களில் ஒருவரேனும் சித்திரை நடுப்பகலில் மச்சில் ஏறிப் பார்த்தவரல்லர்.

அடுத்தது உயரம். மச்சின் அகலம் 18 அடி, நீளம் 14 அடி. கேட்பதற்குப் பெரிய கூடம்போல் தோன்றும். ஆனால் முகட்டின்கீழ் 9 அடியாக உள்ள உயரம் சுவரோரத்தில் 2 அடியாகச் சரிகின்றது. ஆறடி உயரத்திற் குறையாமல் நிமிர்ந்து நடக்கக்கூடிய இடம், நடுவே ஓடும் ஏறத்தாழ 7½ அடி அகலப் பட்டை மட்டுமே. எஞ்சிய பகுதியில் உட்காரலாம், படுக்கலாம், பெட்டி வைக்கலாம்.

பாரமோ இதனினும் பெரிய வினா. குடியிருப்பு அறையின் தளம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ தாங்கத் தக்கதாக இருத்தல் வேண்டும் என்பது இந்நாட்டுக் கட்டட விதி. எங்கள் மச்சுக்கு அது நாலரை டன்னுக்குமேல் ஆகின்றது. தேங்காய்க்காக இட்ட சட்டங்கள் அவை. நூல்கள் நிறைந்த ஓர் அலமாரி மட்டுமே இரண்டு ஆட்களின் எடைக்குக் குறையாது. ஆசாரி ஏறி, உளிப்பிடியால் ஒவ்வொரு சட்டத்தையும் தட்டிக்கொண்டே சென்றார். வைரம் பாய்ந்த பனங்கழுக்கோல்கள் கணீரென்றன; வடமேற்கு மூலையிலோ இரண்டு சட்டங்கள் பொத்தென்று ஒலித்தன. “இது செல்லரித்தது ஐயா. ஆனால் செல் தானாக வரவில்லை. மேலே பாருங்கள்” என்றார். ஓடு இரண்டு விரிந்து, அவ்வழியே பல மழைக்காலத்து நீர் சுவருக்குள் இறங்கியிருந்தது. அம்மூலைக்கு நேர் கீழேதான் என் அன்னையாரின் அறை.

ஆகவே கூரையே முதல் வேலை என்பது தெளிவாயிற்று. பாசல் மிஷனார் 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பின் இக்கரையெங்கும் பரவிய சீமையோடு, ஒன்றன் விளிம்பு மற்றொன்றின் பள்ளத்திற் பொருந்தி நிற்பது. ஒன்றை மட்டும் மாற்றலாம் என்பது அதன் பெருநன்மை. பூனை நடந்து விலகிய ஒன்றை எவரும் கவனியாது விடலாம் என்பது அதன் தீமை.

இவ்வளவும் பணத்தாலும் பொறுமையாலும் தீரக்கூடியவை. தீராதது படிக்கட்டு. ஏணி உதவாது, நள்ளிரவில் படித்துக் களைத்து இறங்கும் பெண்ணுக்குப் படியும் கைப்பிடியும் வேண்டும். மச்சின் உயரம் 9 அடி. படியொன்றின் உயரம் 190 மில்லிமீட்டருக்கு மிகாமலும், கால் வைக்கும் அகலம் 250 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் கொண்டால், பதினைந்து எட்டுகள் ஆகின்றன. தரையிலே 11½ அடி நீளம் போய்விடுகின்றது. சுண்ணாம்புக் கட்டியால் தரையில் வரைந்து பார்த்தோம். எங்கே தொடங்கினாலும் அது சென்று முடிந்த இடம் அன்னையாரின் கட்டில். மேலே ஓர் அறை வேண்டுமாயின் கீழே ஓர் அறையைக் கொடுக்க வேண்டும் என்பதை எந்தக் கணக்குப் புத்தகமும் எனக்கு அதுவரை சொல்லவில்லை.

அன்னையார் கோட்டைப் பார்த்தார்கள். “மக்களே, பிள்ளை படிக்கட்டும். எனக்கு ஒரு மூலை போதாதா?” என்றார்கள். மறுத்திருந்தால் எளிதாயிருந்திருக்கும். எழுபத்தெட்டு வயதில், இரவில் முற்றத்தைக் கடந்து வழுக்கும் இரண்டு படி இறங்கிக் குளியலறைக்குச் செல்பவர்கள் அவர்கள். அப்படிகளைக் குறித்து ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை.

கணக்கை மீண்டும் எழுதினோம். முன்சுவருக்கு வண்ணம் பூசுவதும் கூடத்திற்குப் பளிங்குத் தரை போடுவதும் அடிக்கப்பட்டன. இல்லத்தரசிக்கு இதில் வருத்தம் உண்டு, நியாயமான வருத்தமே. ஓடு பிரித்துக் கூரையைச் செம்மை செய்வது முதலாவது. அன்னையாரின் அறையை ஒட்டி, படியில்லாத குளியலறை ஒன்றைச் சுவரிற் கைப்பிடியோடு கட்டுவது இரண்டாவது. மச்சுக்குப் படிக்கட்டை வீட்டினுள் வையாமல், பின்புறத் தாழ்வாரத்தில் சாய்ப்பு இறக்கி அதன்கீழ் ஏற்றுவது மூன்றாவது. இதனாற் செலவு கூடும். மழைச்சாரலும் சிறிது அடிக்கும். அலமாரிகள் அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்பட்டன. அதுவரை மகளுக்கு ஒரு மேசை, ஒரு நாற்காலி, வெளிச்சத்திற்குக் கண்ணாடி ஓடு நான்கு.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்ததும் ஓடு பிரிக்க நாள் குறித்துள்ளோம். மச்சிலிருந்து இறங்கும் பொருள்களில் பெரும்பகுதியை விற்றுவிடலாம் என்று அன்னையார் ஒப்புக்கொண்டார்கள். பித்தளை உருளி மட்டும் தம் கட்டிலின் அடியிலேயே இருக்கவேண்டுமாம்.