நம்மவர் கல்லூரி

எங்கள் ஊரின் பெயர் தோலினின்று பிறந்தது. குரோமிய உப்பிட்டுத் தோலைப் பதனிடும் ஆலையொன்றைச் சேம்பர்ஸ் என்னும் ஆங்கிலேயர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பக்கத்தே நிறுவினார். அவ்வாலையாலே ஊர் குரோம்பேட்டை ஆயிற்று. என் பாட்டனார் அடுத்துள்ள நாகல்கேணியில் முப்பது ஆண்டுகள் தோல் பதனிட்டவர். நாடோறும் அவர் மிதிவண்டியிற் சென்ற வழியிலேதான், சி. இராஜம் அவர்கள் தம் மாளிகையை விற்று 1949-ஆம் ஆண்டில் தோற்றுவித்த தொழில்நுட்பக் கல்லூரியும் இருக்கிறது. அப்துல் கலாம் பயின்ற அக்கல்லூரியைப் பற்றிப் பாட்டனாரிடம் ஒருகால் வினவினேன். "மதிலோரத்தில் நல்ல நிழல் உண்டு" என்றார். அதற்குமேல் அவர்க்குச் சொல்ல ஒன்றும் இருந்ததில்லை.

அப்பாட்டனாரின் பேத்தி, என் சிற்றப்பாவின் மகள், சென்ற மே திங்களில் பன்னிரண்டாம் வகுப்பில் நன்கு தேறினாள். வாழ்த்த வந்தோர் பலகாரத்தோடு அறிவுரையும் கொணர்ந்தனர். கணக்கு எடுக்கச் சொன்னார் ஒருவர். செவிலியர் கல்வியே சோறு போடும் என்றார் மற்றொருவர். எல்லாரும் சென்றபின் மொட்டை மாடியில் என்னிடம் அவள் கேட்டது வேறு. "அண்ணா, நம்மவர்க்கென்றே ஏற்பட்ட பெரிய கல்லூரி எங்கேனும் உண்டா? அங்கே தெருவைச் சொல்ல வேண்டியதில்லையே!"

தெருவைச் சொல்லுதல் யாது என்பதை அறியாதார் இதனைப் படிப்போருள் இருத்தல் கூடும். யான் பதினோராம் வகுப்பிற் சேர்ந்த முதல் வாரம். பள்ளியின் பெயர் ஈண்டு வேண்டா. நண்பகலில் என்னோடு சோற்றைப் பகிர்ந்துண்ட ஒருவன் ஊரைக் கேட்டான், சொன்னேன். "குரோம்பேட்டையில் எந்தத் தெரு?" என்றான்; அதனையும் சொன்னேன். மறுநாள் அவன் வேறு பலகையில் அமர்ந்திருந்தான். வசை ஒன்றும் இல்லை, சண்டையும் இல்லை. பலகை மாறியது, அவ்வளவே. இதனை யான் வீட்டில் எவர்க்கும் உரைத்ததில்லை. ஆயினும் தங்கை அறிந்திருந்தாள். அவளுக்கும் அவ்வாறு ஒன்று நேர்ந்திருக்கும் போலும்.

அவள் வினாவிற்கு உடனே விடை கூற எனக்கு இயலவில்லை. முதலில் நினைவிற்கு வந்தது கடல் கடந்த நாடே. துளசேந்திரபுரத்துக் கோபாலன் என்பாரின் மகள் வயிற்றுப் பேத்தியாகிய கமலா ஹாரிஸ் 2021-ஆம் ஆண்டில் அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவர் ஆனபோது நம் நாளிதழ்கள் அவ்வூர்க் கோயிலைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதின. அவர் 1986-ஆம் ஆண்டிற் பட்டம் பெற்ற ஹோவர்டு பல்கலைக் கழகத்தைப் பற்றியோ ஒரு வரி எழுதி அமைந்தன. அந்த ஒரு வரியைத் தொடர்ந்து சென்றே யான் பலவற்றைக் கற்றேன்.

அமெரிக்காவில் 1865-ஆம் ஆண்டில் அடிமைத்தளை அறுந்தது. எழுத்தறிதலே குற்றம் என முன்பு பல மாநிலங்களில் விலக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள் கல்வியின்மேற் பாய்ந்தனர் எனல் மிகையன்று. ஃபிஸ்க் 1866-இலும், ஹோவர்டும் மோர்ஹவுசும் 1867-இலும் தோன்றின. மகளிர்க்குரிய ஸ்பெல்மன் கல்லூரி 1881-இல் அட்லாண்டா நகரத்துத் தேவாலயம் ஒன்றன் நிலவறையில், பதினொரு மாணவியரோடு தொடங்கிற்று. ஃபிஸ்க்கில் பணம் வற்றியபொழுது, 1871-ஆம் ஆண்டில் அதன் மாணவ மாணவியர், தம் முன்னோர் அடிமைகளாய் வயல்களிற் பாடிய பக்திப் பாடல்களை ஊர் ஊராகப் பாடிப் பொருள் ஈட்டினர். அப்பொருளால் எழுந்த மண்டபம் இன்றும் நிற்கிறது. பாடிக் கட்டிய கல்லூரி! இதனைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இன்று இத்தகைய நிலையங்கள் அந்நாட்டில் நூறு அளவில் உள்ளன. டூபாய்ஸ் ஃபிஸ்க்கிலும், மார்ட்டின் லூதர் கிங் மோர்ஹவுசிலும், பின்னர் நோபெல் பரிசு பெற்ற டோனி மாரிசன் ஹோவர்டிலும் பயின்றனர். பள்ளிகளில் நிறப் பிரிவினை சட்டத்திற்கு மாறானது என்று 1954-ஆம் ஆண்டில் உயர்நீதி மன்றங்கட்கெல்லாம் மேலான மன்றத்திலே வாதிட்டு வென்ற தர்குட் மார்ஷல் ஹோவர்டின் சட்டக் கல்லூரி மாணவரே. தனிக் கல்லூரியிற் பயின்றவரே பிரிவினையின் பூட்டை உடைத்தார் என்பதைத் தங்கைக்கு இருமுறை எடுத்துரைத்தேன்.

எம் தந்தையார்க்கு இப்பேச்சு உவப்பாயில்லை. "அவர்கள் நம்மைத் தனியே வைத்தது போதாதா? நாமே தனியே போய் உட்கார வேண்டுமா? அண்ணனைப் போல எல்லாரும் படிக்கும் இடத்திற் படிக்கட்டும்" என்றார். அவர் சொல்லைத் தள்ளிவிட என்னால் இயலாது. எல்லாச் சாதியினரும் ஒரு பந்தியில் உண்ணும் கல்லூரியில் யான் பயில்கிறேன், அப்பந்தியை நேசிக்கிறேன். ஆயினும் தந்தையார் ஒன்றனை மறந்தார். ஹோவர்டின் வாயில் எந்த நிறத்தார்க்கும் தொடக்கம் முதல் அடைக்கப்படவில்லை. தனியே உட்காருதல் வேறு. வீடு நம்முடையதாய் இருக்க, வருவோரை வரவேற்று உட்காருதல் வேறு.

நம் நாட்டில் இதற்கு நிகர் யாது? அம்பேத்கர் 1945-ஆம் ஆண்டில் மக்கள் கல்விக் கழகம் கண்டு, 1946-இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியையும், 1950-இல் ஔரங்காபாத்தில் மிலிந்த் கல்லூரியையும் தொடங்கினார். டூபாய்சுக்கு அவர் கடிதம் எழுதியதும் அதே 1946-ஆம் ஆண்டிலேதான். தமிழகத்திலோ கல்லூரியைக் காணேன். பள்ளியையும் விடுதியையும் கண்டேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடவர் பக்கம் பணியாற்றிய கர்னல் ஆல்காட், 1894-ஆம் ஆண்டில் அடையாற்றின் அருகே பஞ்சமர்க்கு இலவசப் பள்ளி திறந்தார். 1916-ஆம் ஆண்டில் சுவாமி சகசானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். எங்கள் ஊர்க்கு அண்மையிலுள்ள பரங்கிமலையிற் பிறந்த எம். சி. ராஜாவின் பெயரால் சைதாப்பேட்டையில் ஒரு மாணவர் விடுதி விளங்குகிறது. பகலில் எக்கல்லூரிக்குச் சென்றாலும், மாலையில் திரும்பி வந்து பாடத்தையும் பட்ட புண்ணையும் ஒருங்கே பகிர்ந்துகொள்ள இடம் தந்த இவ்விடுதிகளே நமக்கு ஹோவர்டும் மோர்ஹவுசும் ஆயின என்று யான் கருதுகிறேன். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் முதலியவற்றைப் பள்ளிக் கல்வித் துறையோடு சேர்க்கப்போவதாக 2023-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அரசினர் அறிவித்தபோது நம்மவர் பலர் அஞ்சியதன் காரணமும் எனக்கு அப்பொழுதே விளங்கிற்று.

கிறிஸ்தவராகிய எமக்கு இதில் வேறொரு முடிச்சும் உண்டு. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி அட்டவணைச் சாதியினர் என்னும் பெயர் இந்துக்கட்கே உரியதாயிற்று. 1956-இல் சீக்கியரும், 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் இன்றும் வெளியே நிற்கின்றனர். தமிழகத்தில் எம்மைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்துள்ளனர். சான்றிதழ் எம் சாதியை மாற்றிவிட்டது, தெருவோ மாற்றவில்லை. நல்லவேளையாக, ஆதிதிராவிடர் நல விடுதிகளில் மதம் மாறிய எம்மவர்க்கும் இடம் தருகின்றனர்.

ஜூன் திங்களில் விண்ணப்பத்தின் பொருட்டுத் தங்கையோடு சிதம்பரம் சென்றேன். அலுவல் முடிந்தபின் ஓமக்குளத்துப் பக்கம் நடந்தோம். நந்தன் தீப்புகுந்த இடம் அதுவே என்பர். தில்லையுள் நேரே நுழைய இயலாதவன் நெருப்பின் வழி நுழைந்தான் என்று கதை கூறும் அவ்விடத்திலே, நந்தன் பெயரால், நெருப்பின்றி நுழையத்தக்க ஒரு வாயிலை அச்சுவாமிகள் அமைத்தார். அவர் இளமையில் மிஷன் பள்ளியிற் பயின்றவர்; மதம் மாற இசையாதவர். கிறிஸ்தவனாகிய எனக்கு இதனை எழுதுகையில் சிறிது நாணம் உண்டாகிறது. எனினும் எழுதுதலே முறை. மணி அடித்தது. பிள்ளைகள் கூட்டமாய் வெளியே ஓடி வந்தனர். அவர்களுள் ஒருத்தி தங்கையின் கைப்பையை உற்று நோக்கி, "அக்கா, இங்கே சேர வந்தீர்களா?" என்று கேட்டாள். தங்கை நகைத்துவிட்டாள். அவள் நகைத்துப் பல நாள் ஆகியிருந்தது.

1959-ஆம் ஆண்டில் மார்ட்டின் லூதர் கிங் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்குச் சென்றபோது, அப்பள்ளித் தலைவர் அவரை அமெரிக்காவினின்று வந்த தீண்டப்படாதார் ஒருவர் எனப் பிள்ளைகட்கு அறிமுகம் செய்தாராம். கிங் முதலில் திடுக்கிட்டார். பிறகு எண்ணிப் பார்த்து, உண்மைதான் என ஏற்றுக்கொண்டார். இரயிலில் திரும்புகையில் இதனைத் தங்கைக்குச் சொன்னேன். அவள் சன்னலின் வழியே நெடுநேரம் நோக்கியிருந்து, "அவரை எந்தத் தெரு என்று கேட்கவில்லையே?" என்றாள்.

தந்தையாரும் தங்கையும் ஈற்றில் ஓர் உடன்பாட்டிற்கு வந்தனர். எல்லாரும் பயிலும் கல்லூரியில் அவள் வேதியியல் எடுத்தாள். தங்குவது நம்மவர் விடுதியில். வேதியியல் ஏன் என்று பாட்டனார் கேட்டதற்கு, "தோல் பதனிடுதலும் அதுதானே, தாத்தா!" என்றாள். பாட்டனார் தம் கைகளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டார்.

சென்ற ஞாயிறு தொலைபேசியிற் பேசினாள். விடுதியில் முதல் இரவு, அறையிலுள்ளோர் அவளைச் சூழ்ந்துகொண்டு கேள்வி மேல் கேள்வி கேட்டனராம். யான் மூச்சடக்கி, "என்ன கேட்டார்கள்?" என்றேன்.

"குறட்டை விடுவாயா என்று கேட்டார்கள், அண்ணா" என்றாள்.