கூடத்தில் ஒலி

எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்று ஆண்டுகள் ஓர் ஒலிப் பூசல் நடந்தது. இஷாத் தொழுகை முடிந்து, இரவு உணவும் ஆனபின் என் வாப்பா தொலைக்காட்சியின் முன்னே சாய்வு நாற்காலியில் அமர்வார். திரையோரத்தில் ஒலி அளவைக் காட்டும் எண் 20-இல் தொடங்கி, 30-ஐக் கடந்து, 40-ஐ எட்டும். உள்ளறையில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குப் படிக்கும் என் மகள் கதவைச் சாத்துவாள். சாத்திய கதவையும் துளைத்துக்கொண்டு செய்தி வாசிப்பவரின் குரல் போகும். நான் எழுந்து வந்து அளவைக் குறைப்பேன். வாப்பா ஒன்றும் சொல்லமாட்டார். என் தலை மறைந்ததும் மீண்டும் கூட்டுவார். ஒருநாள் பொறுமை இழந்து, "தெரு முழுக்கக் கேட்குது வாப்பா, உங்களுக்கு மட்டும் கேட்கலியா?" என்று கடிந்தே பேசிவிட்டேன். அவர் பெட்டியை அணைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். மறுநாளும் அதன் பக்கம் வரவில்லை.

இதை எழுதும்போது இப்போதும் நாணமாகவே இருக்கிறது.

வாப்பாவுக்கு வயது 84. கொழும்புப் புறக்கோட்டையில் கடை வைத்திருந்தவர். அங்கிருந்து ஒருமுறை அவர் கொண்டுவந்த டிரான்சிஸ்டர் எங்கள் காயல்பட்டினத்து வீட்டு ஜன்னலில் பல ஆண்டுகள் இருந்தது. இலங்கை வானொலி கடலைத் தாண்டி எங்கள் கரையில் தெளிவாகக் கேட்கும். ஒரு வானொலியை வைத்தால் போதும். திண்ணையில் இருப்போர், அடுக்களையில் இருப்போர், எதிர்வீட்டார் என எல்லாருக்கும் அதுவே ஒலித்தது. ஒலி என்பது பொதுச்சொத்து என்ற எண்ணத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். அதே ஒலிக்காக ஒரே கூரையின்கீழ் சண்டையிடுவோம் என்று அன்று எவரும் நினைக்கவில்லை.

திருநெல்வேலியில் ஒரு காது மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் சோதித்து ஒரு வரைபடத்தைக் காட்டினார். இடப்பக்கம் ஓரளவு மேலே இருந்த கோடு, வலப்பக்கம் போகப் போகச் சரிந்து விழுந்தது. முதுமையில் கெடும் செவி முதலில் உயர்ந்த அதிர்வெண் ஒலிகளைத்தான் இழக்கிறது என்று அவர் விளக்கினார். உயிரெழுத்துகளின் ஓசை தாழ்ந்த அதிர்வெண்ணில் இருப்பதால் அது கேட்கும். சொல்லுக்கு உருவம் கொடுக்கும் ச, த, க போன்ற மெய்யொலிகள் நழுவிவிடும். 'பத்து', 'பட்டு', 'பற்று' மூன்றும் ஒன்றாகவே செவியில் விழும். "அவருக்குச் சத்தம் கேட்கிறது, சொல்தான் கேட்கவில்லை. அதனால்தான் கூட்டிக்கொண்டே போகிறார்" என்றார். பிடிவாதம் என்று நான் எண்ணியிருந்தது பிடிவாதமே அன்று.

செவிக்கருவி ஒன்று வாங்கினோம். பத்து நாள் அணிந்தார். ஊர்ச் சத்தமெல்லாம் ஒன்றாய் வந்து மோதுகிறது என்று கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். பழகப் பழகத்தான் மூளை அதை ஏற்கும் என்று மருத்துவர் முன்னமே சொல்லியிருந்தார். நான்தான் வற்புறுத்தவில்லை.

அந்நிலையில்தான் துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த என் மச்சான் இரண்டு பொருள்களைக் கொண்டுவந்தார். ஒன்று, தொலைக்காட்சியோடு இணைத்து இணையவழியே படங்களையும் செய்திகளையும் பார்க்க உதவும் சிறு பெட்டி. மற்றது கம்பியில்லா ஹெட்போன். பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் புளூடூத் என்ற இடத்துக்குப் போய், ஹெட்போனின் பொத்தானை விளக்கு சிமிட்டும்வரை அழுத்திப் பிடித்தால், இரண்டும் ஒன்றையொன்று அறிந்துகொள்கின்றன. என் மகள் இதை ஒரு நிமிடத்தில் செய்து முடித்தாள்.

புளூடூத் என்பது 10-ஆம் நூற்றாண்டு டென்மார்க்கின் அரசர் ஹரால்டின் பட்டப்பெயர். சிதறிக் கிடந்தோரை ஒன்றிணைத்தவர் என்பதால், பல கருவிகளை இணைக்கும் இந்த நுட்பத்துக்கு அப்பெயரை இட்டார்களாம். ஹெட்போனுக்கு வரும் அலை ஒரே தடத்தில் வருவதில்லை. 79 தடங்களுக்குள் வினாடிக்கு 1600 முறை தாவித் தாவி வருகிறது. வீட்டில் உள்ள வை-ஃபையோடும் அடுத்த வீட்டுக் கருவிகளோடும் மோதாமல் இருக்க இந்த ஏற்பாடு.

முதல் இரவு கூடத்தில் ஓசையே இல்லை. வாப்பா ஹெட்போனை அணிந்து படம் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று, "மழை பெய்யுது, மாடியில துணி கிடக்கு!" என்று உரக்கச் சொன்னார். வெளியே மழை இல்லை. படத்தில் பெய்த மழை அது. எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு மழையின் ஓசையை அவர் கேட்டிருக்கிறார். இக்காலத்து மெல்லிய தொலைக்காட்சிகளின் ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ இருப்பதால், ஒலி சுவரில் பட்டுச் சிதறித்தான் நம்மை அடைகிறது. ஹெட்போனில் அந்தத் தொலைவே இல்லை.

இரண்டாம் நாள் ஒரு குறை சொன்னார். "வாய் முந்துது, பேச்சு பிந்துது." நான் அணிந்து பார்த்தேன், எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பிறகுதான் காரணம் விளங்கிற்று. புளூடூத்தில் ஒலியைச் சுருக்கி, அனுப்பி, சேர்த்து, மீண்டும் விரிப்பதற்குள் சாதாரணமாக வினாடியில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ கழிந்துவிடுகிறது. சில பெட்டிகளும் செயலிகளும் படத்தையும் அதே அளவு தாமதப்படுத்தி ஈடு செய்கின்றன, எல்லாம் செய்வதில்லை. ஒலி முந்தினால் 45 மில்லி வினாடியிலும், பிந்தினால் 125 மில்லி வினாடியிலும் மனிதர் அதை உணரத் தொடங்குவர் என்பது ஒலிபரப்புத் துறையின் கணக்கு. பிந்துவதை நாம் அதிகம் பொறுப்பது இயல்பே. ஆற்றின் அக்கரையில் துணி துவைப்பவர் கல்லில் அடிப்பது முதலில் கண்ணுக்குத் தெரிந்து, ஓசை பிறகு வருவதைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். ஆனால் என் வாப்பாவால் ஏன் பொறுக்க முடியவில்லை? செவி மங்கிய காலமெல்லாம் அவர் தம்மை அறியாமலே உதடுகளைப் படித்து வந்திருக்கிறார். உதடும் சொல்லும் பிரிந்தால் அவருக்குப் பாதி மொழி போய்விடும்.

மூன்றாம் குறையை எவரும் சொல்லவில்லை, நானாகவே கண்டேன். நாலைந்து நாள் கழித்து, கூடத்தில் வாப்பா மட்டும் தனியே அமர்ந்திருந்தார். உம்மா அடுக்களை வாசலில் முக்காலியில் இருந்தார்கள்.

என் உம்மாவுக்குக் கண்ணின் நடுப்பார்வை மங்கிவிட்டது. அறுவையால் மீட்கக்கூடிய வகை அன்று. ஓரங்கள் தெரியும், நேரே பார்க்கும் முகம் தெரியாது. ஆகவே தொலைக்காட்சி அவர்களுக்கு ஒரு வானொலிதான். அந்த 40 என்ற அளவில் இரவுதோறும் நடந்தது என்ன என்பதை நான் ஒருநாளும் உட்கார்ந்து கவனித்ததில்லை. வாப்பா படத்தைச் சொல்வார்: "இப்ப கதவைத் திறக்கிறான், பின்னால தங்கச்சி நிக்குது." உம்மா பேச்சைச் சொல்வார்கள், வாப்பாவின் வலக்காதருகே குனிந்து: "கடனைத் திருப்பித் தர முடியாதுங்கிறான்." ஒருவர் கண்ணும் மற்றவர் செவியுமாக இரண்டு பேரும் சேர்ந்து ஒரு படத்தைப் பார்த்து வந்திருக்கிறார்கள். நான் அதை இரைச்சல் என்று எண்ணி நிறுத்திவிட்டேன். ஹெட்போனை இணைத்ததும் தொலைக்காட்சியின் ஒலிபெருக்கி ஊமையாகிவிடும். பெட்டி ஒலியை ஓரிடத்துக்கே அனுப்பும்.

"ஏன் உம்மா இங்கே இருக்கீங்க?" என்று கேட்டேன்.

"வாப்பாவுக்குக் காது கிடைச்சிடுச்சு, எனக்குப் போயிடுச்சு" என்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாளே விசாரிக்கத் தொடங்கினேன். அமெரிக்காவில் விற்ற ரோக்கு பெட்டிகள் சிலவற்றின் ரிமோட்டிலேயே ஹெட்போன் செருகும் துளை இருந்தது. ஆப்பிள் டி.வி. பெட்டியோ, அந்நிறுவனத்தின் ஏர்பாட்ஸ் இரண்டு இணைகளுக்கு ஒரே நேரத்தில் ஒலி தரும். எல்லாம் நல்ல ஏற்பாடுகள்தாம். ஆயினும் உம்மாவின் காதிலும் ஒன்றை மாட்டி இருவரையும் இரு தீவுகளாக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு கருவியிலிருந்து பல காதுகளுக்கு ஒலிபரப்பும் ஆரகாஸ்ட் என்ற முறை 2022-இல் அறிவிக்கப்பட்டது. எங்கள் தொலைக்காட்சி அதற்கு முந்தையது.

வழி தொலைக்காட்சியின் முதுகிலேயே இருந்தது. 'ஆப்டிகல்' என்று எழுதிய சிறு சதுரத் துளை. கண்ணாடி இழைபோன்ற கம்பியில் ஒளியாக ஒலியை வெளியே அனுப்பும் வழி அது. பெட்டியின் ஒலி முதலில் தொலைக்காட்சிக்குப் போய், ஒரு பங்கு ஒலிபெருக்கியில் ஒலிக்க, மறுபங்கு இத்துளை வழியே ஒரு பீடத்துக்குச் செல்லும். பீடம் அதை வானலையாக ஹெட்போனுக்கு அனுப்பும். இவ்வகை ஹெட்போன் புளூடூத் அன்று. தாமதமும் கண்ணுக்குத் தெரியாத அளவே. வாங்கி இணைத்தேன். ஒலியே வரவில்லை! கடைக்காரரும் நானும் ஒரு மாலைப்பொழுதை இழந்தபின் காரணம் புரிந்தது. தொலைக்காட்சி டால்பி முறையில் சுருக்கிய ஒலியை அனுப்பிக்கொண்டிருந்தது. பீடத்துக்கு அம்மொழி தெரியாது. ஒலி அமைப்பில் 'பி.சி.எம்.' என்று மாற்றியதும் பேசத் தொடங்கிற்று. உங்கள் வீட்டில் இவ்வாறு இணைத்து ஒலி வராவிட்டால், கருவியைத் திருப்பிக் கொடுக்குமுன் இதைப் பாருங்கள். சில தொலைக்காட்சிகளில் ஒலிபெருக்கியும் ஆப்டிகல் வழியும் சேர்ந்து இயங்க அமைப்பில் தனியே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் கடைக்காரரே சொன்னார்.

ஹெட்போனின் அளவை மட்டும் நான் கண்காணிக்கிறேன். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவர் 80 டெசிபெல்லைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் காட்டும் எல்லை. எஞ்சிய செவியையும் இழக்க வாப்பாவிடம் வேறு செவி இல்லை.

இப்போது கூடத்தில் ஒலி அளவு 12. மகளின் கதவு திறந்தே இருக்கிறது. உம்மா தம் பழைய இடத்துக்கு, வாப்பாவின் வலப்பக்கத்துக்கு வந்துவிட்டார்கள். வாப்பா கதவு திறப்பதையும் தங்கை நிற்பதையும் சொல்கிறார். உம்மாவும் பழக்கத்தை விடவில்லை. குனிந்து பேச்சைச் சொல்கிறார்கள். அவருக்குத்தான் எல்லாம் கேட்கிறதே, சொல்லிவிடலாமா என்று ஓர் இரவு நெருங்கிப் போனேன். வாப்பா ஹெட்போனின் வலக் குமிழைக் காதுக்குப் பின்னே தள்ளி வைத்திருந்தார். நான் ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிட்டேன்.